நடுவில் நின்ற ஏற்றம்

அந்தத் தவணை, உயர்தர வகுப்புக்குத் தீவுப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் ஒரே பௌதிக வினாத்தாள். அதைத் தயாரித்தவர் புங்குடுதீவில் படிப்பிக்கும் மூத்த ஆசிரியர். விடைத்தாள்களைத் திருத்தியதும் அவர்தான். நயினாதீவில் நான் படிப்பித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு கேள்விக்குப் பூச்சியம் விழுந்திருந்தது.

கேள்வி சின்னது. சமனான மூன்று நேர் மின்னேற்றங்கள் சம இடைவெளியில் ஒரே கோட்டில் நிற்கின்றன. கடைசி ஏற்றத்தில் எவ்வளவு விசை? பக்கத்தில் நிற்பது தள்ளும் விசையை ஒரு பங்கு என்று வைத்தால், இரட்டிப்புத் தூரத்தில் நிற்கும் முதலாவது கால் பங்கு தள்ளும். கூட்டினால் ஒன்றேகால். பிள்ளைகள் அதைத்தான் எழுதியிருந்தார்கள். அவருடைய விடையோ ஒன்று.

கை தவறியிருக்கும் என்று நினைத்து ஃபோன் எடுத்தேன். தவறவில்லையாம். நடுவில் ஒன்று நிற்கும்போது முதலாவதின் விசை அதைத் தாண்டிப் போகாது என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் கூடுதல் எரிச்சலைத் தந்தது. ஒரு சோடி ஏற்றங்களுக்கு இடையிலான விசை, பக்கத்தில் வேறு எது நின்றாலும் மாறாது, கூட்டுவது மட்டும்தான் எங்கள் வேலை, மேற்பொருந்துகை என்பதே அதுதான் என்றேன். உலோகத் தகடு மறைக்கிறதுதானே என்றார். அங்கேயும் முதல் விசை அழிவதில்லை, தகட்டில் உள்ள ஏற்றங்கள் இடம் மாறி எதிர் விசையைத் தருகின்றன என்றேன். சாப்பாட்டு நேரம் என்று ஃபோனை வைத்துவிட்டார்.

மறுநாள் பள்ளி முடிந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகால் இறங்கியதும், வழக்கமாக ஏறும் யாழ்ப்பாண பஸ்ஸை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார்.

"சேர், நடுவிலை நிக்கிற ஏற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. கடைசியிலை நிக்கிறதுக்கு விசை என்னாகும்?"

"அதுவும் குறையும்."

"நடுவிலை மருந்துக்கும் ஒண்டுமில்லாமப் போனால்?"

"விசையும் இல்லாமப் போகும்."

"முதலாவது அப்பிடியேதானே நிக்குது. அது அப்பவும் தள்ளாதோ?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "ஓம், தள்ளத்தான் வேணும்," என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. கேள்வி குழப்பமாக அமைந்துவிட்டதாம். அதை நீக்கி எல்லாருக்கும் முழுப் புள்ளி போட்டுவிடலாமாம். அதில் ஒரு குழப்பமும் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அப்படியே நடந்தது. ஒன்று என்று எழுதியவர்களுக்கும் புள்ளி, எதையும் எழுதாமல் விட்டவர்களுக்கும் புள்ளி.

வகுப்பில் அதைச் சொன்னபோது முன்வரிசைப் பெண்ணொருத்தி எழும்பினாள். "அப்ப நாங்கள் எழுதினது சரியோ பிழையோ, ரீச்சர்?"

சரி என்றேன்.

"பிறகேன் கேள்வியை எடுத்தவை?"

மூத்தவரின் பிழையை மறைக்க என்று பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.