எத்தனை கிலோ காற்று

வியட்நாமில், நகரின் ஓரம் தூ டுக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நகர நடுவே இருக்கும் டோங் டு தெருவுக்கு ஞாயிறுதோறும் காரில் போவோம். பள்ளிவாசல் பக்கம் ஒரு கடையில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். வாரம் முழுக்க நான் தொழிற்பூங்காவில் இயந்திரங்களோடும் என் வீட்டுக்காரர் கல்லூரியில் மாணவர்களோடும் மல்லுக்கட்டுவதால், நாங்கள் இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்கிற இடம் அந்தக் கார்தான். அதனால்தான் ஒரு ஞாயிறு, கடை வாசலில் முகம் வெளிறி இறங்கிய அவர், "இனிமே ஒன் கார்ல நான் ஏறமாட்டேன். நீ வேகமா வா, நான் மெட்ரோவுல உசுரோட வர்றேன்" என்றபோது எனக்குச் சுருக்கென்றது.

கோபமும் வந்தது. எனக்கு அது சீக்கிரம் வரும். "ஒங்க வயிறு சரியில்லைன்னா என் காரு என்னங்க செய்யும்?" என்று கேட்டுவிட்டேன்.

சொன்னபடியே செய்தார். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் மெட்ரோவில், நான் காரில். ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு வெவ்வேறு வழியில் வீட்டுக்குப் போனோம். கடைக்காரம்மா எங்களுக்குள் பெரிய சண்டை என்று முடிவு கட்டி, எனக்கு மட்டும் ஒரு துண்டு கறி கூடுதலாக வைத்தார். சாப்பிட்டேன். ஆனால் பக்கத்து இருக்கை காலியாக இருக்க, மெட்ரோ பாதையை ஒட்டிய அந்த நீள நெடுஞ்சாலையில் தனியாகத் திரும்புவது பிடிக்கவே இல்லை.

உண்மையில் குற்றம் காருடையதுதான். கை மாறி வந்த பழைய டர்போ கார். எஞ்சின் புகை வெளியேறுகிற வேகத்தில் டர்போவின் சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அழுத்தம் அளவு மீறினால் ஆபத்து. அதற்காக ஒரு சின்னக் கதவு உண்டு. அழுத்தம் ஒரு குழாய் வழியாக வந்து ஸ்பிரிங்கைத் தள்ள, கதவு திறந்து, புகை டர்போவைத் தொடாமல் வேறு வழியில் போய்விடும். குக்கரில் வெயிட் எழும்புகிற மாதிரி.

காரை முன்னால் வைத்திருந்தவர் எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதன் வேலை ஒன்றே ஒன்று, பொய் சொல்வது. குழாயின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு வால்வு நொடிக்குப் பலமுறை திறந்து மூடி, கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிடும். அழுத்தம் இன்னும் வரவில்லை என்று ஸ்பிரிங் நம்பிக்கொண்டிருக்க, உள்ளே காற்று ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு பொய் சொல்வது என்பதை டாஷ்போர்டில் இருக்கும் பெட்டி, அழுத்தத்தை அளந்து அளந்து முடிவு செய்யும். என் காரில் அது கூசாமல் புளுகிக்கொண்டிருந்தது. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு முதுகில் ஓர் உதை, உடனே ஒரு தொய்வு, மறுபடி உதை. எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வாரம், சனிக்கிழமை, சோலோன் பகுதியில் ஒரு கார் பட்டறைக்குப் போனேன். நடத்துவது என் வயதுப் பெண். என் வியட்நாமிய மொழி காய்கறி வாங்கப் போதும், பட்டறைக்குப் போதாது. அவள் எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு, "மெய் கீ, அக்கா?" என்றாள். மெய் என்றால் எத்தனை, கீ என்றால் கிலோ. இந்த ஊரில் பார்த்த மாத்திரத்தில் வயதைக் கேட்பார்கள், சம்பளத்தைக் கேட்பார்கள். இப்போது எடையுமா? தமிழ்க் காதுக்கு மெய் என்றால் உடம்பு வேறு. "ஐம்பத்தெட்டு" என்றேன் வெடுக்கென்று.

என்னைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். காற்றழுத்தத்தையும் இங்கே கிலோவில்தான் சொல்வார்களாம். ஐம்பத்தெட்டு கிலோ ஏற்றினால் கார் மட்டுமல்ல, பட்டறையும் மிஞ்சாது.

எனக்கு மானம் போனது. பிறகு நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நடித்துக் காட்டி, "பூஜ்யம் வை" என்றேன். முடியாது என்றாள். பெட்டி பொய் சொல்வதை அடியோடு நிறுத்தினாலும் ஸ்பிரிங்கின் அளவான அரைக் கிலோ ஏறத்தான் செய்யும். இதுவரை அது ஒரு கிலோவையும் தாண்டி எகிறியிருக்கிறது. எல்லாரும் ஏற்றச் சொல்லித்தான் வருவார்கள், இறக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னாள். அரைக்கு மேலே துளி வைத்து, பெட்டியின் அவசரத்தையும் குறைத்தாள். திரும்பும்போது மிதித்துப் பார்த்தேன். உதை போய்விட்டது. கார் அலுங்காமல் வேகம் எடுத்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள், "ஏங்க, அடுத்த மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. ஒத்துக்கலைன்னா அங்கயே எறங்கிக்கங்க" என்றேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஏறினார். ஒரு ஸ்டேஷன் போனது. இன்னொன்றும் போனது. பட்டறைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரமாக வயிற்றில் தேக்கி வைத்திருந்த மாணவர் கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். எனக்கு வேகமே வேண்டாம் போலிருந்தது, அவ்வளவு நிறைவு.

பாலம் ஏறும்போது டாஷ்போர்டில் இருந்த அழுத்தமானியின் முள்ளைக் காட்டி, "மெய் கீ?" என்றார்.

"ஐம்பத்தெட்டு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் கீ" என்றார்.