பூட்டிய வீடுகளின் பரக்கத் அக்கா

வீரசோழனில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் வெயிலுக்குத்தான் கட்டுகிறார்கள். துபாய், ஷார்ஜா, குவைத் என்று போனவர்கள் பிள்ளைகளின் பள்ளி லீவில் ஊருக்கு வருவார்கள். அந்த வெயிலில் நின்றுதான் பிளான் போடுவார்கள், அடுத்த லீவில் குடிபோய்ப் பிரியாணி போடுவார்கள், அப்புறம் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். கார்த்திகையில் வாடை எந்தப் பக்கமிருந்து அடிக்கும், மழைத்தண்ணீர் எந்தச் சந்து வழியாக ஓடும் என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. நான் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன், அதற்கென்ன இப்போது?

அப்படிப் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஏழெட்டுக்குச் சாவி பரக்கத் அக்காவிடம் இருந்தது. முழுப்பெயர் பரக்கத் நிஷா. என் மளிகைக்கடைக்கு எதிர்ச்சந்தில் குடியிருந்தார். கணவர் மவுத்தாகிப் போய்ச்சேர்ந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. நான் பந்தல்குடியில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில், "ஏம்மா புதுப்பொண்ணு, காலைல சாப்பிட்டியா?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் அக்காவைக் கையில் பிடிக்க முடியாது. ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியிலும் ஏறி, தண்ணீர் போகிற ஓட்டையில் அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகையும் புறா இறகையும் கையால் அள்ளிப் போடுவார். மெத்தைகளைச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்துவார். பீரோக் காலுக்குச் செங்கல் கொடுப்பார். துணி அலமாரிக்கு என் கடையில் அந்து உருண்டை வாங்கிப் போவார். முதல் மழை விழுந்த உடனே குடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், மாடிக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். தண்ணீர் கையைத் தள்ளினால்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார்.

இத்தனை வீட்டைப் பார்த்தவர், அதில் எந்த வீட்டு நாற்காலியிலும் உட்கார்ந்து நான் கண்டதில்லை. அவருடைய சொந்த வீடு ஓட்டு வீடு, மண்சுவர். பின்சுவரில் நீளமாக ஒரு விரிசல். வருடா வருடம் மழைக்கு முன்னால் விரிசலில் மண் குழைத்து அப்பி, மேலே பழைய பிளக்ஸ் ஒன்றைக் கட்டிவிடுவார். அந்த பிளக்ஸ் அக்காவின் பின்வீட்டு இலியாஸ் குடிபோனபோது தெருமுனையில் வைத்தது. அதில் இலியாஸ் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான்.

எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரியும். "ஏக்கா, மழை முடியிற வரைக்கும் இலியாஸ் வீட்ல ஒரு ரூம்ல படுத்தா என்ன? வீடு தேஞ்சா போகும்?" என்று கேட்டிருக்கிறேன்.

"சாவி குடுத்தது பாக்குறதுக்கு செல்வி, படுக்குறதுக்கு இல்ல" என்பார்.

"அவுக கிட்டக் கேட்டாத் தரமாட்டாகளா?"

"தருவாக. அதுக்காகக் கேக்குறதா?"

இலியாஸ் ஷார்ஜாவில் இருக்கிறான். தெருவிலேயே பெரிய வீடு அவனுடையது. மனையில் மண் அடித்து ஆள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றித்தான் அஸ்திவாரமே போட்டான். அடுத்த லீவில் மகள் ஃபாயிஸாவுக்குக் கல்யாணம் என்று கட்டில், மெத்தை, பீரோ எல்லாவற்றையும் இந்த லீவிலேயே வாங்கிக் கீழறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனான். ஹாலில் கேமரா ஒன்று மாட்டியிருந்தான். அதில் அங்கிருந்தே பேசவும் முடியும். ஒரு நாள் அக்கா பெருக்கிக்கொண்டிருந்தபோது, "ச்சூ, போ வெளிய!" என்று சுவரிலிருந்து ஒரு சத்தம். அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கே ஓடிவந்துவிட்டார். பார்த்தால், ஜன்னல் வழியாகப் பூனை வந்திருக்கிறது, இலியாஸ் ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு அதை விரட்டியிருக்கிறான். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

அந்த வீட்டில் இலியாஸ் மிகவும் பெருமைப்பட்டது கேமராவுக்கோ கிரானைட்டுக்கோ இல்லை, மழைநீர்த் தொட்டிக்கு. குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளை. மாடியில் விழுகிற தண்ணீர் ஒரு சொட்டு தெருவுக்குப் போகக் கூடாது என்று, எல்லாவற்றையும் வீட்டின் பின்மூலையில் ஒரே குழாயில் இறக்கி, வீட்டுக்குள் நடைக்குக் கீழே கட்டிய தொட்டியில் விட்டிருந்தான். நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அவனும் யோசிக்கவில்லை, கொத்தனாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால்தான் அதிசயம். இந்தச் சீமையில் தொட்டி நிறைந்து யார் பார்த்தார்கள்? வானம் மூடும், நாலு தூறல் போடும், ராமநாதபுரம் பக்கம் போய்விடும்.

இந்தக் கார்த்திகையில் போகவில்லை. புயல் சின்னம் என்று டி.வி. சொன்னபோது எப்போதும் போலத்தான் நினைத்தோம். நாள் முழுக்கப் பெய்து, ராத்திரியும் பெய்து, விடிந்தும் விடவில்லை. கரண்டு போய்விட்டது. காலையில் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நான் நின்றபோது, முக்காடு தலையோடு ஒட்டிக்கொள்ள அக்கா ஓடிவந்தார்.

"செல்வி, இலியாஸ் வீட்டுக்குள்ள தண்ணி!"

"வாசல் வழியா ஏறிருச்சா?"

"வாசல் பொட்டுக்கூட நனையல. உள்ளருந்து வருது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூடவே ஓடிப் பார்த்தேன். நடையில் தொட்டி மூடி ஒரு பக்கம் எழும்பி நிற்க, அதன் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மாடியெல்லாம் விழுகிற மழை குழாயில் இறங்கித் தொட்டிக்குள் போய், தொட்டி கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே பொங்குகிறது. ஃபாயிஸாவின் சாமான் இருந்த அறை வாசல்படி நனைய ஆரம்பித்திருந்தது. மெத்தையை இருவரும் தூக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டோம். பீரோவும் கட்டிலும் அசையவில்லை. வாளி வாளியாக மொண்டு வாசலில் ஊற்றினோம், மொண்டதைவிட வந்தது அதிகம். மோட்டார் போடக் கரண்டு இல்லை. என் போனிலிருந்து இலியாஸைப் பிடித்தோம்.

"மாமி, பின்னாடிச் சந்துல அந்தப் பைப்ப ஒடச்சு விட்ருங்க. தண்ணி வெளிய போயிரட்டும்" என்றான்.

"பின்னாடியா தம்பி?"

"ஆமா மாமி, வேற எங்க? ஒடச்சிருங்க. பைப்பு போனாப் போகுது."

அக்கா பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்சந்து பள்ளம். அந்தச் சந்துத் தண்ணீர் நேராகப் போய் மோதுகிற இடம் அக்காவின் பின்சுவர், பிளக்ஸ் கட்டிய அந்த மண்சுவர்.

"அக்கா, அந்தத் தண்ணி எங்க போகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அவன்கிட்டச் சொல்லுங்க."

"சொன்னா வேணாம் மாமின்னுருவான். அப்புறம் அந்தப் புள்ளையோட சாமான் பூராம் ஊறிக் கெடக்கும்."

"ஊறட்டும்! உங்களுக்கென்ன கிறுக்கா? அவன் இன்னொண்ணு வாங்குவான். நீங்க இன்னொரு வீட்டுக்கு எங்க போவீக?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா கத்தவில்லை. "என் சுவரு மண்ணு செல்வி. மண்ணத் திரும்பக் குழைச்சு வைக்கலாம். நம்பிச் சாவி குடுத்த வீட்ல நான் நின்னு பாத்துக்கிட்டே தண்ணிய விட்டேன்னா, அத எதப் போட்டுக் குழைக்க? உங் கடையில வெல்லம் ஒடைக்கிற சுத்தியல் இருக்குல்ல, அதக் குடு" என்றார்.

"தரமாட்டேன்."

"தராட்டி அம்மிக் குழவியக் கொண்டாந்து ஒடைப்பேன்."

உடைத்துவிடுவார். அவரை எனக்குத் தெரியும். கடைக்குப் போய்ச் சுத்தியலையும் காலிச் சாக்குகளையும் எடுத்து, என் வீட்டுக்காரர் சின்னத்துரையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். முதலில் உங்கள் வீட்டைக் காலி பண்ணினால்தான் சுத்தியல் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். குர்ஆன், துணிப்பெட்டி, அரிசிப்பானை, நாலு பாத்திரம், கணவருடைய கண்ணாடிக்கூடு. எல்லாம் சேர்ந்து என் கடையில் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாக்கில் சேறு அள்ளிச் சுவரோரம் அணை மாதிரி அடுக்கினார். அடுக்கி முடிக்கிறவரை அக்கா நிற்கவில்லை. பிஸ்மில்லா சொல்லி ஒரே போடு. குழாய் பிளந்து, மாடித் தண்ணீர் அத்தனையும் சந்தில் கொட்டியது.

அங்கே நடையில் கொப்பளிப்பு அடங்கியது. இங்கே சாக்கு நின்றது, நின்றது, மத்தியானம் வரை நின்றது. பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த கையோடு, பொத்தென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. போய்ப் பார்த்தால் பின்சுவர் உட்கார்ந்துவிட்டது, ஓடுகள் அதன்மேல் சரிந்து கிடந்தன. பிளக்ஸ் மட்டும் கிழியாமல் சேற்றின்மேல் விரிந்து கிடந்தது. இலியாஸ் அதே கோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள ஆளு யாரும் இல்லல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அக்கா. ஒரு ஓட்டை எடுத்து உடைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். உடையாத ஓடுகளை மட்டும் பொறுக்கி ஓரமாக அடுக்கினார். அப்புறம் இலியாஸ் வீட்டு நடையைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு அவரை எங்கள் வீட்டில் படுக்க வைத்தேன். மறுநாள் மழை விட்டிருந்தது. நான் எழுந்து பார்க்கையில் அக்கா இல்லை, அந்த வீட்டுக்குத்தான் போயிருந்தார். கடை திறந்ததும் இலியாஸிடமிருந்து போன். "அக்கா, மாமி வீட்டக் காப்பாத்திட்டாக" என்று ஆரம்பித்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆமாப்பா, காப்பாத்திட்டாக. உன் வீட்டக் காப்பாத்திட்டுத் தன் வீட்ட விட்டுட்டாக. நீ ஒடைக்கச் சொன்ன பைப்பு அவுக சுவத்த இடிச்சிருச்சு."

"எந்தச் சுவருக்கா?"

"உன் மூஞ்சியக் கட்டி வச்சிருந்தாகளே, அந்தச் சுவரு."

"எனக்குத் தெரியாதுக்கா," என்றான். "அந்தச் சந்துல தண்ணி எங்கிட்டு ஓடும்னு எனக்குத் தெரியாது. வீடு கட்டுனதுக்கப்புறம் ஒரு மழைக்குக்கூட நான் அங்க இருந்தது இல்லக்கா."

பேசியது அதிகமோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் கரண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அவன் போன். "அக்கா, கேமரா வந்திருச்சு. மாமி ஹால்ல தரையில கெடக்காக. கூப்பிடுறேன், அசைவே இல்ல. ஓடிப்போய்ப் பாருங்கக்கா."

கல்லாவைப் பூட்டக்கூடத் தோன்றாமல் ஓடினேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. உள்ளே போனால் ஹாலில் வெறும் கிரானைட் தரையில், கையைத் தலைக்கு வைத்து, ஈரத்துணி பக்கத்தில் கிடக்க அக்கா படுத்திருந்தார். குனிந்து மூக்கில் கை வைத்தேன். லேசாகக் குறட்டை. அசந்து தூங்கிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். அறைக்குள்ளே கட்டில் இருக்கிறது, எதிரே சோபா இருக்கிறது, இந்த மனுசி தரையில் கிடக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை.

"தூங்குறாகப்பா, ஒண்ணுமில்ல" என்றேன் கேமராவைப் பார்த்து.

"மாமி" என்றான் இலியாஸ், சுவரிலிருந்து. "மாமி, எந்திரிங்க."

அக்கா திடுக்கிட்டு எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். "தம்பி, தண்ணி பூராம் வடிஞ்சிருச்சு. ஃபாயிஸா சாமான் ஒண்ணும் நனையல. மெத்தையில ஒரு ஓரம் மட்டும் ஈரம், வெயில்ல காட்டுனாச் சரியாப் போகும்" என்றார்.

"சோபாவுல உக்காருங்க மாமி."

"சேலை ஈரமா இருக்கு தம்பி, கறையாயிரும்."

"ஆகட்டும் மாமி." அவன் விடவில்லை. "அது இனி உங்க வீடு. நீங்க உக்கார்றதப் பாத்துட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன்."

அக்கா என்னைப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஓரத்தில் ஒட்டினாற்போல உட்கார்ந்தார். சோபா அமுங்கியதும் பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இலியாசு," என்றார். தம்பி என்று சொல்லவில்லை, பெயரைச் சொன்னார். "நீ கட்டுன வீட்ட நான்தான் மழையில பாக்குறேன், நீ பாக்கல. வெயிலுக்கே வந்து வந்து போற. ஒரு தடவ கார்த்திகைக்கு வா. தண்ணி எங்கிட்டு ஓடுதுன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பாப்போம். அப்புறம் என் சுவர எங்க வைக்கிறதுன்னு யோசிப்போம்."



"வாரேன் மாமி" என்றான்.