பூப்பல் என்ற சொல்

படுக்கையறையில் செடி வைக்கலாமா என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. மலையாள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிப் பக்கம் தமிழ்வழி வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இரவில் செடிகள் கரியமில வாயுவை வெளிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அதற்கு மேல் யோசிப்பதையே விட்டிருந்தேன்.

இடுப்பெலும்பு முறிந்து என் மனைவி கட்டிலோடு கிடந்தபோது, ஜன்னலோரம் ஓர் ஆந்தூரியமும் மணி பிளான்ட்டும் வைக்கச் சொன்னாள். வாசல்வரைகூட நடக்க முடியாதவள் கேட்டது அது ஒன்றுதான். ராத்திரியில் மூச்சு முட்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே அரை மனதோடு வைத்தேன். மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் மலையாள டாக்டரம்மா அவள் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "முறியில் பூப்பல் உண்டோ?" என்று கேட்டார். முறி என்றால் அறை, அது தெரியும். பூப்பல் என்றால் பூச்செடியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, உண்டு என்றேன். அதை அகற்றாமல் மருந்து கேட்காது என்றார்.

திரும்பும் வழியில் காரில் அவள் என் கையைத் தொட்டாள்.

"ஏனுங்க, பூப்பல்னா பூ இல்லீங்க. பூசணமுங்க. பால் சொசைட்டில சேச்சிக சொல்லிக் கேட்டிருக்கறேன்."

"சயின்ஸ் படிச்சவன் நானா, உங்க சொசைட்டிச் சேச்சிகளா?"

டிரைவர் சிரித்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அன்றே தொட்டிகளை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். ஆடு மேய்ந்துவிட்டது. அவள் எதுவும் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இளைப்பு கூடிக்கொண்டே போய், படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

அவள் அங்கிருந்தபோது, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்று போடுவதற்காகப் பீரோவை நகர்த்தினோம். பின்சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். அந்தப் பக்கத்துக் குளியலறைக் குழாய் கசிந்து சுவரில் ஓதம் ஏறியிருந்தது. ரொட்டித் துண்டில் பூசணம் வளர்த்து வகுப்பில் காட்டியவன் நான். அவள் தலைமாட்டில் வளர்ந்தது தெரியவில்லை.

தொட்டி மண் ஓயாமல் ஈரமாகக் கிடந்தால் அதிலும் பூசணம் பிடிக்கலாம்தான். ஆனால் அவள் அளந்து தண்ணீர் விடச் சொல்வாள். மற்றபடி, இரண்டு செடிகள் இரவில் விடும் வாயு ஓர் ஆள் விடும் மூச்சில் ஒரு சிறு பங்குகூட இராது. அந்தக் கணக்கில் முதலில் வெளியே படுத்திருக்க வேண்டியவன் நான்.

குழாயை மாற்றி, சுவரைச் சுரண்டிப் பூசிக் காயவைத்த பிறகு அவளை அழைத்து வந்தேன். இளைப்பு மெல்லத் தணிந்தது. ஒரு நாள், என்ன செடி வாங்கி வரட்டும் என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. ராத்திரில உங்களுக்கு மூச்சு முட்டிப் போகும்."

கேலிதானா என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள்.

கேட்காமலே ஒன்றை வாங்கி ஜன்னலில் வைத்துவிடலாம். ஆனால் அதுவும் அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் செய்கிற காரியம்தான். ஜன்னல் இன்னும் காலியாகவே இருக்கிறது.