சிவப்புத் துணி கட்டியிருந்த இடம்

ஆண்டாயி சந்தனம் வைக்காத வண்டி பாடாலூர்ப் பக்கம் குறைவு. திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வெளியே எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சூடம் விற்பாள். மற்ற நாட்களில் சின்ன வெங்காயக் காட்டில் களையெடுப்பாள். புது வண்டியோடு வருகிறவர்கள் பொருளை வாங்கிய கையோடு, "நீயே வச்சி வுட்டுடுக்கா" என்பார்கள். டயருக்கு ஒரு பழம், முகப்பில் சந்தனம், குங்குமம், கடைசியில் பூசணிக்காயைச் சுற்றி ஓங்கி ஒரு போடு. பைக், டிராக்டர், கதிரறுக்கிற மெஷின் என்று எதையும் விட்டதில்லை. ஒருமுறை அமரர் ஊர்தியும் வந்தது. "இதுக்கு எவன்க்கா கண்ணு வைக்கப் போறான்?" என்று டிரைவர் சிரித்தான். "ஒனக்கு வைக்கறன்டா, நில்லு" என்றாள்.

இவ்வளவு செய்கிறவளுக்கு அதில் நம்பிக்கை உண்டா என்றால், சட்டென்று சொல்லிவிட முடியாது.

அவள் புருசன் குழந்தைவேல் பைக் வாங்கியபோது ஹெட்லைட்டில் சந்தனம் அப்பியது அவள்தான். கொஞ்சம் தாராளமாகவே அப்பினாள். "வெளிச்சத்த மறைக்குதுடி" என்று அவன் துண்டால் துடைத்துவிட்டுக் கிளம்பினான். ராத்திரி எறையூர் ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் போய் மோதினான். துடைத்ததால்தான் போனான் என்று அவள் அழுதாள். சரியாகத் துடைபடாத சந்தனம்தான் வெளிச்சத்தைத் தின்றுவிட்டது என்று கொழுந்தன் அறிவழகன் எழவு வீட்டிலேயே சொன்னான். இரண்டில் எது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. விளங்காமலேதான் ஊர் வண்டிக்கெல்லாம் சந்தனம் வைத்தாள். வைத்ததை யாராவது துடைத்தால் மட்டும் கையை ஓங்கிக்கொண்டு போவாள்.

ஒரு மாசி மாதக் காலையில், ஊருக்குக் கிழக்கே வறண்டு கிடந்த ஏரியில் விமானம் இறங்கியது. மாட்டு வண்டியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தரையைத் தொட்டு, புழுதியைக் கிளப்பி, கருவேல மரங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. களைக்கொத்தோடு நின்ற ஆண்டாயிக்கு வாய் மூடவில்லை.

"மந்திரி யாரும் வராங்களா?" என்று ஓடி வந்த கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான்.

"மந்திரி இதுல காலு நீட்ட முடியுமாடா? வெங்காயத்துக்கு மருந்தடிக்க வந்துருக்கும்."

இறங்கியவர்கள் இரண்டு பேர். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள், பின்னால் ஒல்லியாக ஒரு மனிதர். பெரம்பலூரில் இன்ஜினியரிங் படிக்கிற பக்கத்து வீட்டு இலக்கியாவை ஊரே முன்னால் தள்ளிவிட்டது. அவள் தட்டுத்தடுமாறிப் பேசிவிட்டு வந்து ஆண்டாயியிடம் சொன்னாள்:

"அந்தம்மா பேரு மார்த்தா, பெரியம்மா. பல்லு டாக்டராம். அவரு அவங்க வூட்டுக்காரரு, பேரு யான். செக் நாட்டுலேர்ந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போறாங்களாம். மொத்தம் நாலு பிளேனு. மத்த மூணும் திருச்சியில எறங்கிடுச்சி. இவங்களுக்கு இஞ்சின்ல ஆயில் ஒழுகுதாம்."

"ஆஸ்திரேலியாவுல யாரு இருக்கா?"

"யாருமில்ல. வழியில இருக்கற நாட்டு சனங்களோட பழகிட்டுப் போறதுக்கு. நல்லெண்ணப் பயணமாம்."

"சாவு, கண்ணாலம் எதுவும் இல்லையா?"

"இல்ல."

"பல்லு டாக்டரு எதுக்குடி பிளேனு ஓட்டுது?"

"வேலையா இல்ல பெரியம்மா. ஆசைக்கு."

ஆசைக்கு என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள் ஆண்டாயி. பெரம்பலூருக்கு பஸ் ஏறவே ஒரு காரியம் வேண்டியிருக்கிறது. காரியமே இல்லாமல் ஒருத்தி கடல் தாண்டுகிறாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்துக் கையசைத்தாள். ஆண்டாயி களைக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஆளாளுக்கு போன் பேசினார்கள். இறக்கையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே நின்றபடி ஆண்டாயி ஒன்றைக் கவனித்தாள். இடது இறக்கைக்கு அடியில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மட்டும் சிவப்புத் துணி மாட்டி, வால் போலத் தொங்கவிட்டிருந்தார்கள். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அவங்க ஊரிலும் காவலுக்குச் செவப்புத் துணிதான் கட்டுகிறார்கள்.

மறுநாள் பழுது சரியாகி, பறக்க அனுமதியும் கிடைத்தது. மார்த்தா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சிவப்புத் துணியை உருவி உள்ளே வைத்தாள். அப்போதுதான் அறிவழகன், "நம்ம ஏரில எறங்கின வண்டி வெறுமனே போவக் கூடாது. அண்ணியக் கூப்புடு" என்றான். இலக்கியா கேட்டதும் மார்த்தா கைகொட்டிச் சம்மதித்தாள். யான் தூரத்தில் நின்று போனில் படம் பிடித்தார்.

ஆண்டாயி நாலு பழம் கொண்டுவந்திருந்தாள். சக்கரம் மூன்றுதான். ஒரு பழம் மடியிலேயே தங்கிவிட்டது.

"பூசணிக்கா ஒடைக்கக் கூடாது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "காத்தாடியில பட்டுத் தெறிச்சா யாரு பதில் சொல்றது?"

"சரி சார். சந்தனமாவது வச்சிக்கறேன்."

மூக்கில் வைத்தாள். இறக்கைகளில் வைத்தாள். குழாய்க்கு வந்தாள். துணி போய் அது மொட்டையாக நின்றது. அவர்களே காவல் கட்டிய இடம், அதை எப்படி வெறுமனே விடுவது? ஒரு கட்டிச் சந்தனத்தை எடுத்து முனையில் அழுந்த அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். மார்த்தா அப்போது இலக்கியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் கும்பிட்டுவிட்டு யானோடு ஏறிக்கொண்டாள். இஞ்சின் உறுமியது.

"ஏன்டி, அவங்க ஊருல எந்தச் சாமிக்கு அந்தச் செவப்புத் துணி?" என்று கேட்டாள் ஆண்டாயி.

இலக்கியா சிரித்தாள். "சாமிக்கு இல்ல பெரியம்மா. அந்தக் குழாயில ஓட்ட இருக்கு. பூச்சி, தூசி போவாம மூடி வைக்கறாங்க. அது வழியா காத்து போனாத்தான் எவ்ள வேகத்துல போறோம்னு உள்ள முள்ளு காட்டுமாம்."

"அடைச்சிகிச்சின்னா?"

"வேகம் தெரியாது. விழுந்தாலும் விழுந்துடுவாங்க."

இலக்கியாவைப் பார்த்தாள். அறிவழகனைப் பார்த்தாள். சொன்னால் ஊர் முன்னால் மானம் போகும். அது போகட்டும். நிறுத்தினால் சந்தனத்தைத் துடைப்பார்கள். துடைத்த வண்டி என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? துடைக்காமல் விட்டால்? விமானம் மெல்ல உருண்டு ஏரியின் மறுமுனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எதுவும் தெளியாமலேயே கால்கள் ஓடிவிட்டன. கயிற்றைத் தாண்டி, தூரத்தில், அது வரவேண்டிய பாதையின் நடுவில் போய் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏய், யாரும்மா அது! சாவணுமா?" சப்-இன்ஸ்பெக்டர் விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

விமானம் நின்றது. காத்தாடி அடங்கியது. மார்த்தா இறங்கி வந்தாள். ஆண்டாயி குழாயைக் காட்டினாள். அதைக் குனிந்து பார்த்த மார்த்தா கையசைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். மெக்கானிக் வந்து மெல்லிய கம்பியால் ஓட்டைக்குள்ளிருந்ததை நோண்டி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டினார். "மேல ஒட்டியிருக்கறதையும் தொடச்சிடுங்க" என்றார்.

"ஒங் கைய வச்சிகிட்டு சும்மா இருக்க மாட்டியா அண்ணி?" என்றான் அறிவழகன். "அன்னிக்கும் இப்படித்தான்…"

"சித்தப்பா, நீங்கதான வைக்கச் சொன்னீங்க?" என்றாள் இலக்கியா.

மார்த்தா துணியை எடுத்தாள். ஆண்டாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வச்சது. நாந்தான் எடுக்கணும்." முந்தானையால் துடைத்தாள். குங்குமம் இழுத்துக்கொண்டே வந்தது. குழந்தைவேல் துடைத்த துண்டு கண்ணுக்குள் வந்து போனது. எது கொல்லும், எது காக்கும் என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை. குழாய் மட்டும் பளிச்சென்று ஆகிவிட்டது.

மார்த்தா என்னவோ கேட்டாள்.

"மத்த எடத்துல இருக்கறத வச்சிக்கலாமா, இல்ல அதையும் தொடைக்கணுமான்னு கேக்குறாங்க பெரியம்மா."

"எனக்குத் தெரியலன்னு சொல்லு."

"அப்புடியேவா?"

"அப்புடியே சொல்லு."

மார்த்தா மூக்கிலிருந்த சந்தனத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். துடைக்கவில்லை.

விமானம் ஓடி, எழும்பி, பனைகளுக்கு மேலே சின்னதாகிப் போனது. சனம் கலைந்தது. ஆண்டாயி மட்டும் ஏரிக்கரையில் மடிப் பழத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இலக்கியா போனோடு ஓடி வந்து, "திருச்சியில எறங்கிட்டாங்க பெரியம்மா" என்றபோது, "தொடச்சதாலயா, வச்சதாலயாடி?" என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புது பைக்கோடு ஒரு பையன் வந்தான். பழம் வைத்தாள். சந்தனத்தோடு கை பழக்கப்படி ஹெட்லைட்டுக்குப் போய், அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி மட்கார்டில் வைத்தது.

"என்னாக்கா, லைட்ல வைக்க மாட்டியா?"

"வேணாம்ப்பா. வெளிச்சத்த மறைக்கும்."

அவன் கிளம்பிப் போனான். ரோடு முனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கூப்பிட்டு ஓரமாக ஒரு பொட்டு வைத்து அனுப்பலாமா என்று இருந்தது. எழுந்தும் விட்டாள். அதற்குள் அடுத்த வண்டிக்காரன் வந்து, "அக்கா, நாலு பழம்" என்றான்.