கூட வந்தவள்

அவளை நினைத்தால் முதலில் ஒரு சுவர்தான் வருகிறது. பல்கலைக்கழக மண்டபத்தின் சுவர்; இடுப்பளவுக்குப் பச்சை, அதற்கு மேலே வெள்ளை. அந்தச் சுவரோரம், முதுகு சுவரில் படாமல், தோளுக்குத் தோள் ஒரே அளவு இடைவெளி விட்டு, தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பதினொரு மாணவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு கோப்பு. கோப்புக்குள் நான் திருத்திக் கொடுத்த சுயவிபரக் கோவை. மண்டபம் நிறைய மேசைகள், மேசைகளுக்குப் பின்னால் கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர்கள். தொழிற்சந்தை என்று வாசலில் பதாகை கட்டியிருந்தோம். மற்றப் பிள்ளைகள் மேசைக்கு மேசை தாவினார்கள், கைகொடுத்தார்கள், "அங்கிள், நான் இன்னாருடைய மகன்" என்று சிரித்தார்கள். சுவரோரத்துப் பதினொரு பேரும் மத்தியானம் வரை அசையவில்லை. பிறகு கோப்புகளோடு அப்படியே விடுதிக்குத் திரும்பினார்கள்.

ஏன் ஒருத்தரும் போகவில்லை என்று கேட்டேன். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி, வரிசையில் நான்காவதாக நின்றவள், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பேர் கூப்பிடுவாங்கன்னு நின்னோம் மிஸ்."

என்னோடு தொழில் வழிகாட்டல் பிரிவில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். விடிந்தும் விடியாத பொழுதில் பெரட்டுக்குப் போய் நின்ற அம்மாவின் கம்பளி வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பனிக்குள் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். பேர் வந்தால் கொழுந்து பறிக்கப் போகும் மலை நம்பர் வரும், மலை நம்பர் வந்தால்தான் அன்றைய நாள் தொடங்கும். பேர் வருவதற்கு முன்னால் வாய் திறந்தவளைக் கங்காணி விடமாட்டார். "என்னா அவசரம் ஒனக்கு, கல்யாண வீட்டுக்கா போற?" என்பார். நான்கு தலைமுறை அப்படி நின்ற கால்கள். அந்தக் கால்களுக்கு நான் இரண்டு மணிநேரக் கருத்தரங்கில், திரையில் படம் காட்டி, "தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று பாடம் நடத்தியிருந்தேன்.

அந்தப் பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்களில், உங்கள் துறையில் உதவக்கூடியவர்களின் பெயர்களை எழுதுங்கள். மற்றவர்கள் ஒரு பக்கம் நிரப்பினார்கள். வங்கி முகாமையாளர் பெரியப்பா, பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், அப்பாவோடு படித்த டாக்டர். வட்டவளைப் பெண்ணின் தாளில் ஒரே வரி இருந்தது. மாமா, கொழும்பு, சாப்பாட்டுக் கடை. அதற்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு. கணக்கை முடித்துவிட்ட மாதிரி.

அவளுக்கு அது இறுதி ஆண்டு. உணவு விஞ்ஞானம் படித்தாள். அந்தப் படிப்பில் ஆறு மாதம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடுத்தால்தான் பட்டம். இடத்தை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும். பெயர்ப்பட்டியல் மூடும் நாளுக்குள் இடம் கிடைக்காதவர்கள் ஒரு வருஷம் பின்தங்குவார்கள். வசதியுள்ள வீட்டில் ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம்தான். அவள் சொன்னாள்: "இன்னொரு வருஷம்னா வீட்ல விட மாட்டாங்க மிஸ். தம்பியும் அடுத்து கெம்பஸ் வரப் போறான். நான் ஏதாச்சும் கடைக்குத்தான் போகணும்." குரலில் புகார் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். பேசத் தெரியாத பிள்ளை, பேச வைத்துவிட்டால் போதும் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். எத்தனை தவறான தீர்மானம் அது என்பது ஒரு வெள்ளிக்கிழமை ரயிலில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஹட்டனுக்கு வீடு திரும்புகிறவள். மூன்றாம் வகுப்புப் பெட்டி, நிற்க இடமில்லாத கூட்டம். நாவலப்பிட்டியில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு தாய் பச்சைக் குழந்தையோடும் இரண்டு பைகளோடும் ஏறினாள். கூட்டத்துக்கு அப்பால் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். சிங்களத்தில் ஒருவரிடம், தமிழில் இன்னொருவரிடம், மூன்றாமவரிடம் வெறும் கண்ணால். வட்டவளையில் ரயில் நின்றது. அந்தத் தாய் கதவை எட்டுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அப்போது அந்தக் குரல் எழும்பியது. "கார்ட் மஹத்தயா, பொட்டக் இன்ன! கொஞ்சம் இருங்க!" படியில் தொங்கிய பையன்களைப் பார்த்து, "தம்பிமாருங்களா, தொங்குனது போதும், போட்டோ எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கும், எறங்கி வழிய விடுங்க, பச்சப் புள்ளக்காரி வர்றா" என்றது. பையன்கள் அசடு வழிய இறங்கினார்கள். கார்ட் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். குழந்தை இறங்கியது, பைகள் இறங்கின, கடைசியாக அந்தக் குரலுக்குரியவளும் இறங்கினாள். நான்காவதாக நின்றவள். ஒரு முழு ரயிலை நிறுத்தி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல மேடையில் நடந்து போனாள்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டேன். என்னால் ஓர் இடத்தில் உட்கார்ந்து கோபப்பட முடியாது. அறைக்குள் நடந்துகொண்டே கேட்டேன். ரயிலை நிறுத்தத் தெரிகிறது, ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்கத் தெரியாதா?

"அது அந்த அக்காவுக்காக மிஸ்."

"அதே வாய்தானே?"

"எனக்குன்னு வந்தா நாக்கு மடிஞ்சிக்கிதுங்க மிஸ்." மேலும் சொன்னாள்: "எங்க லயத்துல யாருக்கு ஐடென்டிக் காடு எடுக்கணும்னாலும் நான்தான் போவேன். கவர்மென்ட் கந்தோருல சண்ட புடிச்சிருக்கேன். என்னோட ஐடென்டிக் காட்டுக்கு மட்டும் அப்பாதான் வந்து கேட்டாரு. நான் வெளிய நின்னேன்."

லயம் என்பது பத்து வீடு ஒரே கூரை. எனக்குக் கொடு என்று கேட்கிற பிள்ளையை அந்தக் கூரை பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் காம்பராவில் சீனி வாங்கப் போனால்கூட, தம்பி அழுகிறான் என்று சொல்லித்தான் கேட்போம். தம்பி தூங்கிக்கொண்டிருப்பான். அது கூச்சமோ கோழைத்தனமோ அல்ல, எங்கள் மரியாதை. ஆனால் கொழும்பு மேசைகளில் அந்த மரியாதைக்கு ஒரு நாற்காலி போடுவார் இல்லை.

சில வாரம் கழித்து, பொதி செய்த உணவுகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் முகாமையாளர் பயிற்சிக்கு ஆள் பார்க்க வந்தார். ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, எங்கள் பேச்சு அவருக்குப் பழக்கம். ஒரே ஓர் இடம் இருக்கிறது என்றார். அவளுக்குச் சொல்லியனுப்பினேன். வந்தாள். தனியாக வரவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து படிக்க வந்த அவளுடைய வகுப்புப் பையன் ஒருவனையும் முழங்கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். நெட்டையாக, குனிந்த தலையோடு நின்றான்; நான்கு வருஷத்தில் நான் அவன் குரலைக் கேட்டதே இல்லை. அவனுக்கும் இடம் கிடைத்திருக்கவில்லை.

"சேர், இவரு பேச மாட்டாரு," என்று அவள் தொடங்கினாள். "கேள்வி கேட்டீங்கன்னா வேர்த்துக் கொட்டும். ஆனா லேப்ல ஒரு மெஷின் நின்னுச்சுன்னா லெக்சரர்மாரே இவரத்தான் தேடுவாங்க. உலத்துற மெஷின் பழுதாப் போயி, கம்பனி ஆளு வர ஒரு மாசம் ஆகும்னாங்க. இவரு லீவு நாள்ல ஒக்காந்து கழட்டி மாட்டிட்டாரு. அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. நாங்களாத்தான் கண்டுபுடிச்சோம்."

முகாமையாளர் பையனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்டும் சொல்ல மாட்டாரு எண்டுறீங்க. அப்ப தொழிற்சாலையில நெருப்புப் புடிச்சாலும் சொல்ல மாட்டாரோ?"

"அணைச்சிட்டு வந்து சொல்லுவாரு சேர்."

அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். பையனும் சிரித்தான், காதுவரை சிவந்துபோய். அந்த இடத்திலேயே அவன் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடப்போனவர் நிறுத்தி, "ஒங்களுக்கு என்ன வேணும் மகள்?" என்று கேட்டார்.

கேள், கேளடி என்று மனசுக்குள் கத்தினேன்.

"நான் சும்மா கூட வந்தேன் சேர்," என்றாள். கோப்பு அவள் நெஞ்சிலேயே இருந்தது.

அவர் போன பிறகு அவளைத் திட்டினேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது, அப்படித் திட்டினேன். உன் வருஷம் போகிறது, உன் வாழ்க்கை போகிறது, மண்டையில் ஏதாவது இருக்கிறதா உனக்கு? அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு எடந்தான மிஸ் இருந்துச்சு. அவருக்குக் குடுங்கன்னு சொன்ன அதே வாயால எனக்குக் குடுங்கன்னு எப்பிடிங்க கேக்குறது?" என்றாள். திரையில் படம் காட்டி நடத்திய என் பாடத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

பட்டியல் ஒரு திங்கட்கிழமை மூடுவதாக இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை காலை, ஹட்டன் வீட்டில் இருந்தபோது அந்த முகாமையாளர் போன் எடுத்தார். "மிஸ், நீங்க அனுப்பின ஊமையன் நேத்து என்ட ரூம் கதவுல பத்து நிமிஷமா வந்து நிண்டான். என்னடா எண்டு கேட்டா, 'சேர், என்னயப் பத்திச் சொன்ன ஆளு இன்னும் வெளிய நிக்கிது' எண்டான். வந்து ரெண்டு கிழமையில அவன் பேசின மொதல் பேச்சு அதுதான்." பயிற்சிக்கு வந்த வேறொருவர் இடைநடுவில் விலகிவிட்டதாகவும், அந்த இடம் காலியாக இருப்பதாகவும் சொன்னார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பொறுங்க. அவன் கேட்டுட்டான். நீங்களும் கேப்பீங்க, எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் புள்ள கேக்கோணும். பன்னெண்டு மணி வரைக்கும் ஒபீஸ்ல இருப்பேன்."

இன்று அவள் வேறொரு பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்துகிறாள். எனக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போதைய பிள்ளைகள் கோட் போட்டுப் படம் எடுத்து, தொழில் தொடர்புக்கான வலைத்தளங்களில் கணக்குத் திறக்கிறார்கள். எல்லாம் நிரப்பிவிட்டு, 'உங்களைப் பற்றி' என்ற பெட்டியை மட்டும் வெறுமையாக விட்டு, போனை என்னிடம் நீட்டுகிறார்கள். நான் அதைப் பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் கொடுத்து, இவனைப் பற்றி நீ எழுது என்கிறேன். அரை மணிநேரத்தில் அழகாக எழுதிவிடுகிறார்கள். பிறகு எழுதப்பட்டவனிடம் கொடுத்து, இதில் எது பொய், சொல் என்கிறேன். ஒன்றுமில்லை மிஸ் என்று ஒத்துக்கொள்ள அவனுக்கு இன்னொரு அரை மணிநேரம் ஆகிறது. இந்த வழியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் அந்த வழியால் மட்டும் போய்ச் சேர முடியாத கடைசிக் கொஞ்ச தூரம் ஒன்றும் இருக்கிறது. அதை அந்தச் சனிக்கிழமை பார்த்தேன்.

சொல்லியனுப்பி, அவள் வட்டவளையிலிருந்து பஸ் பிடித்து என் ஹட்டன் வீட்டுக்கு வந்து சேரும்போது பதினொன்றரை. மழை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தபடி நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். நம்பரை அழுத்தி போனை அவள் கையில் கொடுத்தேன். மணி போகும் சத்தம் எனக்கும் கேட்டது. நானே பேசிவிடுகிறேன் என்று பிடுங்கக் கை துடித்தது. பிறருக்காகக் கேட்பதே உத்தியோகமாகப் போன கை. இருபது வருஷத்தில் எனக்கென்று ஒரு மாற்றலைக்கூடக் கேட்டதில்லை நான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"சேர், நாந்தான். அன்னைக்கு உடப்புசல்லாவப் பையனோட கூட வந்தேனே."

"சொல்லுங்க மகள். ஆருக்கு வேணும்?"

மழை தகரத்தில் கொட்டியது. எதிர்ச் சரிவில் தேயிலை மங்கி, மறுபடி தெரிந்தது. அவர் போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"எனக்குத்தான் சேர்." தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள், இப்போது கொஞ்சம் சத்தமாக, ஏறக்குறைய ரயிலில் கேட்ட சத்தத்துக்கு. "எனக்கு வேணும். எனக்கு லேப் வேல நல்லா வரும். ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டேன். மூணு பாஷையிலயும் பேசுவேன். ஆளுங்கள வேல வாங்கத் தெரியும். அந்த எடத்த எனக்குக் குடுங்க சேர்."

மழைச் சத்தத்தில், அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் "சரிங்க சேர், சரிங்க" என்று ஆறேழு தடவை சொன்னாள். போனைத் துடைத்து மேசையில் வைத்தாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னார் என்றாள். முகத்தில் ஒரு திகைப்பு, உரத்துப் பேசியது தான்தானா என்று திரும்பிப் பார்க்கிறவளைப்போல. நான் ஏதோ வாழ்த்துச் சொல்லப் போனேன். அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மிஸ், எனக்குப் பசிக்குது," என்றாள். "காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல. ரொட்டி ஏதாச்சும் இருக்குங்களா?"

இருந்தது. சுடவைத்தேன். கட்டச் சம்பலோடு மூன்று ரொட்டி சாப்பிட்டாள். நான்காவதையும் கேட்டு வாங்கினாள்.