சீல் வைத்த உறை

அந்த ஆஸ்பத்திரி நர்சுகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வெந்நீர் டாக்டர். புற்றுநோய்ப் பிரிவின் கடைசியில், அழுக்குத் துணி போடும் அறைக்குப் பக்கத்தில், அவளுடைய இயற்கை மருத்துவ அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, நான்கு நீல வாளிகள். எரியும் பாதத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், வாய்ப்புண்ணுக்கு உப்பு நீர், குமட்டலுக்கு இஞ்சி, தூக்கத்துக்கு மூச்சுப் பயிற்சி. “நோயை நான் குணமாக்க மாட்டேன். உங்கள் ஒவ்வொரு நாளையும் கொஞ்சம் லேசாக்கலாம்” என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். அதைக் கேட்டு மறுமுறை வராதவர்களும் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் வீட்டில் விழுங்குவதையெல்லாம் பையோடு கொண்டுவந்து அவள் மேசையில் கொட்ட வேண்டும். சித்தப்பா சொன்னது, எதிர்வீட்டுக்காரி சொன்னது, போனில் யாரோ அனுப்பியது என்று டப்பாக்கள் உருளும். ஆகாதவற்றை வெள்ளை உறையில் போட்டு ஒட்டி, மேலே தன் அறையின் சீலைக் குத்தித் திருப்பிக் கொடுப்பாள். அடுத்தவர் வாங்கிய பொருளைக் குப்பையில் போட அவளுக்குக் கை வராது.

அன்று புற்றுநோய் டாக்டர் தானே அவள் அறைக்கு வந்தார். எப்போதும் சீட்டுத்தான் அனுப்புவார்.

“உங்ககிட்ட வர்ற அந்த டீச்சருக்கு ரத்தத்துல ஈரல் என்சைம் மூணு மடங்கு ஏறியிருக்கு. என்னம்மா குடுத்தீங்க?”

“இஞ்சித் தண்ணி, கொப்பளிக்கற தண்ணி. அவ்வளவுதான் டாக்டர்.”

“நாளைக்குப் போடவேண்டிய ஊசியைத் தள்ளி வச்சுட்டேன். பத்து நாள் பாப்பேன். இறங்கலேன்னா மருந்தையே மாத்தணும். கட்டி சுருங்கறதே இந்த மருந்துக்குத்தான்.” வாசல்வரை போனவர் நின்றார். “இந்த ரூமுக்காக நான் மேலிடத்துல எவ்வளவு பேசினேன்னு உங்களுக்குத் தெரியும்.”

டீச்சரின் நோய்க்குறிப்பை நான்கு முறை படித்தாள். தன் கையெழுத்தே யாருடையதோ போலத் தெரிந்தது. விடுபட்டது எது என்று பிடிபடாமல் டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டாள். டீச்சரின் நாத்தனார் எடுத்தாள்.

“நான் வந்து மூணு வாரமாச்சுங்க. அண்ணிக்கு ஒரு வேளை தவறாம குடுக்கறேன். உங்க மருந்தும் சேத்துத்தான்.”

“என் மருந்தா?”

“உங்க சீல் போட்ட கவர்ல இருந்ததுங்களே, பச்சை டப்பா. காலைல ரெண்டு, சாயந்திரம் ரெண்டு. டப்பாவைப் பாத்தாலே அண்ணிக்குக் குமட்டுதுங்க. அதான் எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல போட்டு நீட்டுவேன். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடுவாங்க.”

தேயிலைச் சாறு மாத்திரை. ஈரலுக்கு ஆகாதென்று அவளே ஒதுக்கியது. டீச்சரிடம் வாயால் சொல்லியிருந்தாள். உறைமேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆஸ்பத்திரி சீலைப் பார்த்தால் எந்த வீட்டில்தான் அதை மருந்தென்று நினைக்க மாட்டார்கள்?

“அதை உடனே நிறுத்துங்க. அது வேண்டாம்னு நான் கட்டிக் குடுத்தது.”

“அப்ப என்னாலதானா?”

“இல்லைங்க. என்னால.”

டாக்டரைப் பார்க்கப் படியேறும்போது வேறொரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: வீட்டுல தெரியாம குடுத்துட்டாங்க. அதில் பொய் ஏதுமில்லை. கதவைத் தள்ளியதும் அதை விழுங்கிக்கொண்டாள். “என் சீல் போட்ட கவர்லதான் போயிருக்கு டாக்டர்.”

அவர் நிமிரவில்லை. “எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

அன்று மாலையே பழைய பதிவேட்டைப் புரட்டினாள். அதுவரை இருபத்து மூன்று உறைகள் போயிருந்தன. உறையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். சிலர் சிரித்தார்கள், சிலர் எங்கே வைத்தோமென்று தேடினார்கள், சிலர் போனை எடுக்கவே இல்லை. மறுநாள் பகலில் வாளித் தண்ணீரின் சூட்டை மூன்று முறை சோதித்தாள்.

“என்னம்மா, தண்ணியை இப்படி முறைக்கறீங்க? அது எங்கயும் ஓடிடாது” என்றார், வாளியில் கால் வைத்திருந்த பஸ் டிரைவர். அவள் நான்காவது முறையும் விரலை விட்டுப் பார்த்தாள்.

பத்தாம் நாள் காலை, கம்பளித் தொப்பியோடு டீச்சர் வாசலில் நின்றார். பின்னால் நாத்தனார்.

“இறங்கிடுச்சாம். முழுசா இல்லை, ஆனா இன்னிக்கே ஊசி போடலாம்னுட்டார்” என்றார் டீச்சர். “இனிமே இவ எது குடுத்தாலும் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் முழுங்குவேன்.”

“என்னைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்தறாங்க” என்ற நாத்தனார், கிழிந்த உறையை மேசைமேல் வைத்தாள். “நீங்களே வச்சுக்கங்க. இது வீட்ல இருந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.”

அவர்கள் ஊசி அறைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறை நிலைக்குமா என்று டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. கறுப்புப் பேனாவால் உறையின் குறுக்கே ‘வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி இழுப்பறையில் போட்டாள். அங்கே ஏற்கெனவே பதினைந்து கிடந்தன.

இன்னும் ஏழு வீடு. பதிவேட்டைத் திறந்து, அதுவரை எடுக்காத ஒரு வீட்டின் எண்ணை மறுபடி அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.