ஆறு மணி வெயிலில் ஏற்றிய தீபம்

1997 நவம்பர் கடைசி வாரம், காலை ஐந்தரை மணி. திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினோம். 190 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து மெல்பர்ன். வெவ்வேறு தொழில் செய்கிற நான்கு பேரை ஒரு மாதம் ஆஸ்திரேலியக் குடும்பங்களோடு தங்கவைத்து, அவர்கள் தொழிலையும் வாழ்க்கையையும் பார்த்து வரச்சொல்லி ஒரு சேவைச் சங்கம் அனுப்பியது. நான் கீழ்பென்னாத்தூரில் கால்நடை மருத்துவர். இன்னொருவர் வசந்தாக்கா, வங்கி அதிகாரி. பிறந்ததிலிருந்து ஒரு கார்த்திகை தீபத்தைக்கூடத் தவறவிடாதவர். மற்ற இருவரும் வேறு பண்ணைகளில் தங்கியதால் இந்தக் கதையில் வரமாட்டார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

மெல்பர்ன் விமான நிலையத்திலேயே முதல் அதிர்ச்சி. அக்காவின் ஊறுகாயும் பருப்புப்பொடியும் குப்பைக்குப் போயின. என் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்த அதிகாரி, அதை வாங்கிக்கொண்டுபோய்க் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். என் செருப்பை இன்னொருவர் கழுவியது அதுதான் முதல் முறை. தீபத்துக்காக அக்கா கொண்டுவந்த அகல், திரி, நல்லெண்ணெய், கற்பூரம் மட்டும் எப்படியோ தப்பிவிட்டன.

எங்களை அழைத்துப்போக வந்தவர் ரான். ஐம்பத்தைந்து வயது இருக்கும், சிவந்து வெடித்த முகம். ஹாமில்டன் என்ற ஊருக்கருகே அவர் பண்ணை, மெல்பர்னிலிருந்து 290 கிலோமீட்டர். கடைசி நூறு கிலோமீட்டரில் சாலையோரம் நடந்துபோன மனிதர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டு பேர்.

"எத்தனை ஆடு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நாலாயிரம்."

"வேலையாள்?"

"நான், ஜூன்." ஜூன் அவர் மனைவி.

எங்கள் பக்கம் நாலு ஆடு வைத்திருப்பவர் நாலுக்கும் பேர் வைத்து, ஒன்றுக்கு வயிறு உப்பினால் குடும்பத்தோடு மருந்தகத்துக்கு வந்து நிற்பார். இங்கே நாலாயிரத்துக்கு இரண்டு பேர்! நான் படித்த படிப்பின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டின் சமையலறை ஜன்னலில், தேங்காய் அளவுக்கு ஒரு சாம்பல்நிறக் கட்டி இருந்தது. கல்லும் இல்லை, இரும்பும் இல்லை, வழிந்து உறைந்தது போன்ற உருவம். நம் ஊரில் அப்படியொன்றை வீட்டுக்குள் வைத்திருந்தால் கும்பிடத்தான் வைத்திருப்பார்கள். அக்கா வேறென்ன நினைப்பார்? மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து தோட்டத்து ரோஜா ஒன்றை அதன் தலையில் வைத்தார். ஜூன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தினமும் பூ மாற்றினார்.

டிசம்பர் நடுவில் கார்த்திகை தீபம் வந்தது. அன்று காலை வானொலியில் 41 டிகிரி என்றார்கள். வேலூர் வெயிலைப் பார்த்தவர்களிடம் 41 என்றால் சிரிக்காமல் என்ன செய்வது! ஹாமில்டனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஜூன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்கு வெளியில நெருப்பு கூடாது, அரசாங்கத் தடை" என்று சொல்லிவிட்டுப் போனார். ரான் காலையிலேயே எங்கோ போயிருந்தார். கதவுக்குப் பின்னால் தொங்கும் அவருடைய மஞ்சள் கோட்டும் அன்று இல்லை. அதை நான் அதுவரை மழைக்கோட்டு என்றே நினைத்திருந்தேன்.

தடை என்றதும் இருவரும் தலையாட்டினோம். நெருப்பு என்றால் அடுப்பு, குப்பை எரிப்பது, கரும்புத் தோகை கொளுத்துவது. விளக்கை நெருப்பு என்று எங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்? அக்கினித் தலத்தில் பிறந்த எங்கள் புத்தி அப்படிப் போனது.

மாலை நாலரைக்கு அக்கா அகல்களைக் கழுவி வாசல்படியில் வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்துங்கக்கா."

"எப்படி டாக்டர் ஏத்துறது? மலையில தீபம் தெரிஞ்சாதானே வூட்ல ஏத்தணும்? இங்க மலையில யாரு ஏத்துவா?"

பண்ணைக்குப் பின்னால் மரமில்லாத ஒரு மொட்டைக் குன்று இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

"நம்ம ஊருக்கும் இந்த ஊருக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம்க்கா. எந்த ஆறு மணி?"

"எந்த ஊர்ல நிக்கிறோமோ அந்த ஊர் ஆறு மணிதான்."

ஐந்தே காலுக்கு ஏறினோம். ஆறு மணிக்கும் உச்சிவெயில் போலக் காய்ந்தது. அங்கே டிசம்பரில் சூரியன் மறைய ஒன்பது மணியாகும். முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் புல் சரசரத்தது. கல் அடுக்கி நடுவில் அகலை வைத்தேன். காற்றில் திரி பிடிக்கவில்லை. "கற்பூரத்த ஜாஸ்தியா போடுங்க டாக்டர்" என்றார் அக்கா. போட்டேன். பிடித்தது. அவர் கையைத் தூக்கி "அண்ணாமலையானுக்கு" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த கற்பூரத் துண்டு ஒன்று காற்றில் உருண்டு கல்லைத் தாண்டிப் புல்லில் விழுந்தது.

நெருப்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. பாய் அளவு, கட்டில் அளவு, அடுத்த மூச்சில் அறை அளவு. செருப்புக் காலால் மிதித்தேன். அக்கா குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார், பிறகு வெயிலுக்குப் போர்த்தியிருந்த சால்வையால் அடித்தார். கீழே நாலாயிரம் ஆடுகள்.

புகையைப் பார்த்துத் தண்ணீர்த் தொட்டி வண்டி ஒன்று குன்றின்மேல் சீறிக்கொண்டு வந்தது. மஞ்சள் கோட்டில் குதித்து இறங்கியவர் ரான். அந்தப் பகுதியின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவர்தான் தலைவர் என்று அப்போதுதான் தெரிந்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்டியிட்டு, கருகிய தரையைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் கண்ட மாட்டின் காதை நான் தொட்டுப் பார்ப்பேனே, அந்த மாதிரி. அவர் இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணும்" என்றார்.

ஏழரை மணிக்குப் போலீஸ்காரர் சமையலறையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அபராதம் வரலாம், சிறையும் வரலாம். எப்படியும் நால்வரின் பயணமும் அன்றோடு முடியலாம் என்றார். அதற்கு ரான், "என் நிலம், என் விருந்தாளிங்க. தடைன்னா என்னன்னு நான் விளக்கல. என் பேர எழுதுங்க" என்றார்.

வசந்தாக்கா எழுந்து நின்றார். வங்கியில் பேசும் ஆங்கிலமெல்லாம் எங்கோ போய்விட்டது. "நான்தான் ஏத்தினேன். என் பேர எழுதுங்க" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். தீக்குச்சியைக் கிழித்தது நான் என்று நானும் சொன்னேன். போலீஸ்காரர் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் மூன்று பெயரையும் எழுதிக்கொண்டு எச்சரிக்கையோடு விட்டுப் போனார்.

அவர் போனபிறகு ஜூன், ஜன்னலில் இருந்த கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் அன்றைய ரோஜா வாடிக் கிடந்தது.

"இது தீயணைப்பு லாரியோட அலுமினியம். ரானோட தம்பி பீட்டர், பல வருஷத்துக்கு முன்னாடி அந்தக் குன்றுக்கு அந்தப் பக்கம் தீயணைக்கப் போனான். வண்டி உருகி வழிஞ்சு, இப்படிக் கிடந்தது. அவன் உள்ளதான் இருந்தான்."

அக்கா பதறிவிட்டார். "அய்யோ, சாமின்னு நினைச்சுப் பூ வெச்சிட்டேனே! ஏன் நீங்க சொல்லல?"

"இத்தனை வருஷமா இதுக்கு யாரும் பூ வெச்சதில்ல" என்றார் ஜூன். "எனக்கு நிறுத்தச் சொல்லத் தோணல."

மீதி இரண்டு வாரமும் இருந்துவிட்டுத்தான் திரும்பினோம். விடைபெறும்போது ரான் கையைக் குலுக்கி, "உங்க ஊர்ல ஏத்தும்போது பக்கத்துல ஒரு வாளி தண்ணி வெச்சிக்கங்க" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மறு வருடம் தீபத்தன்று வசந்தாக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு மணிக்கு மலையில் தீபம் தெரிந்ததும் தெருவே "அரோகரா" என்று கத்தியது. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நான் மட்டும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். பிறந்த ஊரில், சாமி தீபத்தைப் பார்த்து எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

அக்காவின் வாசல்படியில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஓரத்தில் ஒரு வாளி தண்ணீர். வரிசையின் கடைசி அகலில் திரி இல்லை, எண்ணெய் இல்லை. தண்ணீர் ஊற்றி ஒரு ரோஜாவை மிதக்கவிட்டிருந்தார்.

"இத ஏன்க்கா ஏத்தல?"

"அது பீட்டருக்கு, டாக்டர்" என்றார். "அவருக்கு நெருப்பு வேணாம்."